பெரின் வோத்தியேயின் இடது கண்

உலகத் தரவரிசையில் நூற்றெண்பத்தேழாவது இடம் என்றால் வெளியாட்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். பூமியில் உள்ள அத்தனை பெண்களிலும் நூற்றெண்பத்தாறு பேர்தான் தன்னைவிட நன்றாக டென்னிஸ் ஆடுகிறார்கள் என்று பெரின் வோத்தியே யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லியிருக்கலாம். பத்தொன்பது வயதில் இதைத் தொழிலாக எடுத்துக்கொண்டவள் அவள். இருபத்தேழு வயதுக்குள் ரயிலில் உறங்கிய நேரத்தைக் கூட்டினால் ஒரு வருடம் தேறும். ஊர் ஊராகப் போவாள். மலிவான ஹோட்டலின் கைகழுவும் தொட்டியில் காலுறைகளைத் துவைத்து ஹீட்டர் மேல் காயப்போடுவாள். ஒரு வாரத்தில் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் அது நல்ல வாரம். ஒவ்வொரு மே மாதமும் பாரிஸ் போய், அங்கே நடக்கும் பெரிய டென்னிஸ் போட்டியான ரோலான் கரோஸுக்கான தகுதிச் சுற்றில் ஆடுவாள். எட்டு முறை ஆடி எட்டு முறையும் முதல் சுற்றிலேயே தோற்றிருக்கிறாள்.

அவள் பிறந்தது வோஜ் மலைப்பக்கம், ரெமிர்மோன் என்ற சிறிய ஊரில். அப்பா தெனி மரம் ஏற்றும் லாரி ஓட்டினார். அம்மா ஜோசியானுக்குப் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. ஆறு வயதில் அப்பா ஒரு மட்டையைக் கையில் கொடுத்து, மர அறுவை ஆலைக்குப் பின்னால் இருந்த கிளப்பில் கொண்டுபோய் விட்டார். அங்கே இருந்ததே இரண்டு ஆடுகளங்கள்தான். பத்து வயதில் வட்டாரத்தில் அவளை அடிக்க ஆளில்லை. பதினாறில் அப்பா லாரியின் முன்பக்கத்தில் மகளின் படத்தை ஒட்டிக்கொண்டு திரிந்தார். அவளுக்கு இருபத்துமூன்று வயதிருக்கும்போது, மரம் இறக்குமிடத்தில் மாரடைப்பால் அவர் இறந்தார். படம் லாரியோடு போயிற்று.

பயிற்சியாளர் ரெஜிஸுக்கு நாற்பத்தாறு வயது. நான்சி நகரத்துக்காரர். சிகரெட்டை விட்டுவிட்டு நாள் முழுக்கச் சூயிங்கம் மென்றுகொண்டிருப்பார். ஒன்பது வருடம் அவளோடு அலைந்தவர். அவளுடைய ஆட்டத்தில் அவருக்குப் பிடிபடாத சில விஷயங்கள் உண்டு. இடது பக்கம் பந்து வந்தால் பெரின் நேராக நின்று அடிக்க மாட்டாள். நான்கு எட்டு ஓடிச் சுற்றி வந்து வலது பக்கத்துக்குக் கொண்டுபோய்த்தான் அடிப்பாள். தலைக்கு மேல் தூக்கிப் போட்ட பந்தை, சின்னப் பிள்ளைகூடக் குத்திவிடக்கூடிய பந்தை, காற்றில் மட்டையை வீசி விட்டுவிடுவாள். மற்றபடி மின்னல்.

"சோம்பேறித்தனம்!" என்று ரெஜிஸ் கத்துவார். "இடது பக்கம்னா உனக்கு என்ன, சாமி கும்பிடுற பக்கமா? அங்க காலே வைக்க மாட்டியா? கண்ணைத் திறந்து வெச்சு அடி, பெரின்!"

அவளும் கண்ணைத் திறந்து வைத்துத்தான் அடித்தாள்.

அவளுக்கு இருபத்தேழு வயதான ஆண்டின் பிப்ரவரியில் வடக்கே ஒரு சிறு ஊரில் உள்ளரங்கப் போட்டி நடந்தது. இரட்டையர் ஆட்டம். பெரின் வலைக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுடைய ஜோடி பின்னாலிருந்து போட்ட பந்து தூக்கலாக, சோர்வாகப் போய், எதிரே இருந்த ஃபெம்கே என்ற டச்சுப் பெண்ணுக்கு லட்டு மாதிரி விழுந்தது. ஃபெம்கே முழு பலத்தோடு அடித்தாள். இரண்டு பேருக்கும் நடுவே மூன்று மீட்டர்கூட இருக்காது. பந்து பெரினின் வலது கண்ணில் இறங்கியது.

அவள் விழவில்லை. மட்டையைக் கீழே போட்டுவிட்டு, முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள். ஃபெம்கே வலையைத் தாண்டி ஓடிவந்து, "ஐயோ, மன்னிச்சிடு, மன்னிச்சிடு" என்று அவளைவிடச் சத்தமாக அழுதாள். பெரின் அவளுக்கு ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது வேறு.

"யாராவது விளக்கைப் போடுங்களேன்."

அரங்கத்தில் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

மாவட்ட மருத்துவமனையின் கண் பிரிவில் டாக்டர் பென்சாயித் என்ற பெண்மணி பணியில் இருந்தார். வீங்கி மூடிப்போன வலது கண்ணின் இமையை மெல்லத் தூக்கி வெளிச்சம் அடித்துப் பார்த்தார். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, ஐந்து நாள் அசையாமல் படுத்திருந்தால் வடிந்துவிடும், பார்வை போகாது என்றார். வாசலருகே நின்ற ரெஜிஸ் பெருமூச்சு விட்டு, பயத்தில் விழுங்கிவிட்ட சூயிங்கத்துக்குப் பதிலாக இன்னொன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

டாக்டர் வலது கண்ணுக்குப் பஞ்சு வைத்துக் கட்டினார்.

"சம்பிரதாயத்துக்கு இந்தப் பக்கத்தையும் பார்த்துடலாம். எதிர்ல பலகையில முதல் வரி என்ன எழுத்து?"

"எந்தப் பலகை?" என்றாள் பெரின்.

டாக்டர் கைவிளக்கைப் பலகைப் பக்கம் திருப்பினார்.

"எதிர்ச் சுவர்ல. வெளிச்சமா இருக்கு பாருங்க."

"சுவர் இருக்கிற மாதிரி தெரியுது. வெள்ளையா. நீங்க எங்க நிக்கிறீங்க?"

டாக்டர் அவளுக்கு நேர் எதிரே, ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த ஒரு மணி நேரம் ஓட்டமாக இருந்தது. பந்து தலைக்குள்ளே எதையோ கலக்கிவிட்டது என்று நினைத்தார்கள். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய்த் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ரெஜிஸ் நடைபாதையில் காப்பி இயந்திரத்துக்கும் ஜன்னலுக்கும் இடையே நடந்தார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. டாக்டர் இடது கண்ணுக்குள் நீண்ட நேரம் உற்றுப் பார்த்தார். அதிலும் ஒரு கீறல்கூட இல்லை.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மத்மோவசெல் வோத்தியே, இதுக்கு முன்னாடி இந்த இடது கண்ணால மட்டும் எப்போ பார்த்திருக்கீங்க?"

"அதால மட்டும் எதுக்குப் பாக்கணும்?"

"ஒரு கண்ணை மூடி… விளையாட்டுக்கு… சின்ன வயசுல?"

"வலதை மூடினா மங்கலாத்தான் இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தானே? இடது கையால எழுத வராதில்ல, அந்த மாதிரி. இடது கண்ணு சும்மா துணைக்கு."

பெரினுக்கு அவர் முகம் தெரியவில்லை. அதனால் தொடர்ந்து பேசினாள்.

"ஏன்? உங்களுக்கு அப்படி இல்லையா?"

"இல்லை" என்றார் டாக்டர். குரல் தாழ்ந்திருந்தது. "எனக்கு இல்லை. யாருக்கும் இல்லை. உங்க இடது கண்ணு நாலஞ்சு வயசிலேயே வேலையை நிறுத்திடுச்சு. சோம்பேறிக் கண்ணுன்னு சொல்லுவோம். கண்ணு நல்லாத்தான் இருக்கு, மூளை அதைக் கண்டுக்கிறதே இல்லை. நீங்க வாழ்க்கை முழுக்க ஒத்தைக் கண்ணாலதான் பார்த்திருக்கீங்க." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க என்ன வேலை பண்றீங்கன்னு கேக்கவே மறந்துட்டேன்."

"டென்னிஸ் ஆடுறேன்."

"பொழுதுபோக்கா சரி. வேலை?"

"அதுதான் வேலை."

டாக்டர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து, நடைபாதையில் போன இன்னொரு டாக்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு இன்னொருவரையும் கூப்பிட்டார். மூன்று பேர் வரிசையாக வந்து அவளுடைய கண்ணைப் பார்த்தார்கள். பென்சில் முனையைத் தொடச் சொன்னார்கள். மூன்றாமவர், ஒரு வயதான மனிதர், "இவங்களுக்குத் தூரமே தெரியாதே. பந்து எங்க இருக்குன்னு எப்படித்தான்…" என்று முடிக்காமல் விட்டார்.

"வருஷா வருஷம் மருத்துவப் பரிசோதனை உண்டே? அதுல எப்படித் தப்பிச்சீங்க?" என்று கேட்டார் டாக்டர் பென்சாயித்.

"தப்பிக்கிறதா? முதல்ல வலது கண்ணால படிப்பேன். அப்புறம் இடது கண்ணுக்கு அதையே ஒப்பிப்பேன். பரீட்சை மாதிரி. அதுக்குத்தான் முதல்ல வலது கண்ணால பார்க்கச் சொல்றாங்கன்னு நினைச்சேன்."

வாசலில் ரெஜிஸ் பெரிதாகச் சிரித்துவிட்டார். அடக்க முடியாத, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு. அது வந்த வேகத்திலேயே நின்றது. அவர் சுவரில் முதுகைத் தேய்த்தபடி சரிந்து தரையில் உட்கார்ந்த சத்தம் பெரினுக்குக் கேட்டது.

"ஒன்பது வருஷம்" என்றார். "ஒன்பது வருஷம் உன்னை நான் சோம்பேறின்னு திட்டியிருக்கேன். கண்ணைத் திறந்து வெச்சு அடின்னேன். நான்… ஐயோ கடவுளே, பெரின், அந்தப் பக்கம் உனக்குப் பந்தே தெரியலையா?"

"தெரியும். அடிக்கிற நேரத்துல மறைஞ்சிடும். எல்லாருக்கும் மறையும்னு நினைச்சேன். நீங்கள்லாம் என்னைவிட தைரியசாலிங்க, அதனால அடிக்கிறீங்கன்னு."

அதைக் கேட்டு ரெஜிஸ் அழுதார்.

அன்று மாலை ரெஜிஸ் அவளுடைய போனில் அம்மாவின் எண்ணை அழுத்தி அவள் காதில் வைத்தார். பெரினுக்கு எண்கள் தெரியவில்லை. அடிபட்டதைச் சொன்னாள். பயப்பட ஒன்றுமில்லை என்றாள். பிறகு, இன்னும் தானே நம்பாத ஒன்றைச் சொல்பவள்போல, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"இதைக் கேளும்மா. எனக்கு ஒரு கண்ணு சின்ன வயசிலிருந்தே தெரியலையாம்."

மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. குழாய் மூடப்பட்டது.

"இடதுதானே" என்றாள் ஜோசியான்.

எந்தக் கண் என்று பெரின் சொல்லியிருக்கவில்லை.

"நாளைக்குக் காலையில வண்டி ஏறி வரேன்" என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் ஜோசியான் வந்தபோது பெரினால் அவளைப் பார்க்க முடியவில்லை. பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று கதவோரம் நின்றது. அம்மாவின் பழைய கோட்டு பழுப்பு நிறம். ரயிலின் வாசனையும் கைப்பையில் இருந்த பிளம்ஸ் பழப் பணியாரத்தின் வாசனையும் வந்தன.

"குட்டி" என்றாள் ஜோசியான்.

"உட்காரு. சொல்லு."

ஜோசியான் உட்கார்ந்தாள். முகம் தெரியாத அம்மாவின் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது பெரினுக்கு வேறு யாரோ பேசுவது போலிருந்தது.

"உனக்கு நாலு வயசு. பாலர் பள்ளிக்கு டாக்டர் வந்து எல்லாப் பிள்ளைங்க கண்ணையும் பார்த்தார். ஒரு கடுதாசி கொடுத்தனுப்பினார். நல்ல கண்ணை ஒட்டுத்துணியால மூடணும், அப்பதான் மத்தது வேலை செய்யும்னு. ஒட்டினேன். நீ கத்துவே. கதவுல மோதுவே. படியில விழுந்து முன்பல்லை உடைச்சுக்கிட்டே. பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் காலையில நீ என் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு, 'அம்மா, என்னை இருட்டுல போடாதே'ன்னே. உங்கப்பா பிச்சு அடுப்புல போட்டுட்டார். வளர வளரச் சரியாயிடும்னார்."

"அப்புறம்?"

"அப்புறம் நீ பந்து ஆட ஆரம்பிச்சே. அத்தனை வேகமா வர்ற பந்தை அடிக்கிறாளே, அப்ப சரியாயிடுச்சுன்னு நினைச்சோம்."

"சரியாகலைன்னு எப்போ தெரிஞ்சுது?"

அடுத்த படுக்கையில் யாரோ இருமினார்கள்.

"பன்னிரண்டு வயசுல. உன் எதிர்ல தம்ளரை நீட்டினேன். நீ பக்கத்துல காத்தைப் பிடிச்சே."

"பன்னிரண்டு வயசுல! பதினஞ்சு வருஷமா தெரியும்!"

"நீ ஜெயிச்சுக்கிட்டே இருந்தே, பெரின். ஜெயிக்கிற பிள்ளைகிட்டப் போய் உனக்குக் கண்ணு தெரியலைன்னு எந்த வாயால சொல்லுவேன்? சொன்னா நின்னுடுவா, பயந்துடுவான்னார் உங்கப்பா. அவர் போனப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்பவும் நீ ஜெயிச்சே."

பெரின் தலையணையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "பணியாரத்தை ரெஜிஸ்கிட்ட கொடுத்துட்டுப் போ" என்றாள். ஜோசியான் அப்படியே செய்தாள்.

ஐந்தாம் நாள் கட்டை அவிழ்த்தார்கள். வலது கண் திரும்பி வந்தது. உலகம் பழையபடி தெளிவாக நின்றது. டாக்டர் பென்சாயித் மழுப்பவில்லை.

"இடது கண்ணை இனி ஒண்ணும் பண்ண முடியாது. வயசு தாண்டிப் போச்சு. வலது கண்ணுல இன்னொரு அடி இதே மாதிரி விழுந்தா, ரெஜிஸ் உங்களைக் கையைப் பிடிச்சுக் கழிப்பறைக்குக் கூட்டிட்டுப் போனாரே, அந்த அஞ்சு நாள்தான் உங்க மிச்ச வாழ்க்கை. நான் உங்க அக்காவா இருந்தா மட்டையை எரிச்சிடுவேன்."

"நீங்க என் அக்கா இல்லையே."

"இல்லை. அதனால பாதுகாப்புக் கண்ணாடி எழுதித் தரேன். அதைப் போடாம பயிற்சிக்குக்கூட இறங்கக் கூடாது."

மார்ச் கடைசியில் அவள் மீண்டும் ஆடினாள். அங்கேதான் அடுத்த அதிர்ச்சி காத்திருந்தது. கண் எப்போதும் போலத்தான் இருந்தது. கையும் காலும் எப்போதும் போலத்தான் இருந்தன. ஆனால் பந்து வரும்போது, இது தூரத்தில் இருக்கிறதா பக்கத்தில் இருக்கிறதா என்று அவள் தன்னையே கேட்க ஆரம்பித்தாள். இருபது வருடம் கேட்காத கேள்வி அது. கேட்டு முடிப்பதற்குள் பந்து தாண்டிப் போய்விடும். ஐந்து வாரம், ஐந்து ஊர், ஐந்து முதல் சுற்றுத் தோல்வி. ஒரு ஊரில் பதினாறு வயதுப் பெண்ணிடம் தோற்றாள். அந்தப் பெண் கைகுலுக்கும்போது, "உங்களுக்கு உடம்பு முடியலையா, மதாம்?" என்று கேட்டாள். வயதில் மூத்த பெண்களைக் கூப்பிடுவது போல, மதாம் என்று அவளை ஆடுகளத்தில் ஒருத்தி அழைத்தது அதுதான் முதல் தடவை.

ரெஜிஸ் திட்டுவதையே நிறுத்திவிட்டார். அது அவளுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"எதையாவது சொல்லேன்" என்றாள் ஒருநாள் காரில்.

"என்ன சொல்ல?"

"பழைய மாதிரி. சோம்பேறின்னு."

"வாய் வரலை" என்றார் ரெஜிஸ்.

இரண்டு பேரும் ஒன்றில் மட்டும் உறுதியாக இருந்தார்கள். விஷயம் வெளியே போகக் கூடாது. இடது பக்கமும் தலைக்கு மேலும் பந்து போட்டால் இவளால் முடியாது என்று தெரிந்தால், எதிராளி வேறு எதையும் போட மாட்டாள். கண்ணாடி எதற்கு என்று கேட்டவர்களுக்கு, வெயில் ஒத்துக்கொள்வதில்லை என்று சொன்னார்கள்.

பாரிஸ் தகுதிச் சுற்றுக்கு இரண்டு நாள் முன்பு ரெஜிஸ் ஹோட்டல் அறைக் கதவைத் தட்டினார். கையில் போன். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"இதைப் படி. இல்லை, நானே படிக்கிறேன். உட்காரு முதல்ல."

ரெமிர்மோன் பக்கத்து வட்டாரப் பத்திரிகையில் முழுப் பக்கம். ஆறு வயதுப் பெரின், தன்னைவிட நீளமான மட்டையோடு நிற்கும் படம். தலைப்பு: 'ஒற்றைக் கண்ணால் உலகத்தை எதிர்த்த எங்கள் ஊர்ப் பெண்.' கீழே, சமையலறை மேசையில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்த ஜோசியான். தம்ளர் விஷயம் இருந்தது. ஒட்டுத்துணி இருந்தது. இடது பக்கம் தெரியாததால் மகள் சுற்றி ஓடி அடிக்கிறாள், தலைக்கு மேல் வரும் பந்து அவளுக்கு ஆகாது என்று, வாசகர்கள் வியப்பதற்காக, விளக்கமாகச் சொல்லியிருந்தாள் அம்மா. பாரிஸ் பத்திரிகைகள் காலையிலேயே அதை எடுத்துப் போட்டுவிட்டன.

மருத்துவமனைக்குப் பிறகு பெரின் அம்மாவிடம் பேசியதே இல்லை. இப்போது கூப்பிட்டாள்.

"ஏம்மா? ஏன்?"

"பெருமையாத்தானே சொன்னேன், குட்டி. ஊரே வியந்து போச்சு. ரொட்டிக் கடைக்காரன் கையெடுத்துக் கும்பிடாத குறை. ரெண்டு கண்ணு இருக்கிறவங்களுக்கு எதிரா ஒத்தைக் கண்ணால…"

"இது பெருமை இல்லை. பாவமன்னிப்பு. பாதிரியார்கிட்டச் சொல்ல வேண்டியதைப் பத்திரிகைக்காரன்கிட்டச் சொல்லியிருக்கே. பதினஞ்சு வருஷம் மூடி வெச்ச வாயை இன்னும் ரெண்டு வாரம் மூடி வெச்சிருக்கக் கூடாதா?"

ஜோசியான் அழுதாள். பெரின் போனை வைத்துவிட்டாள்.

எதிராளி தாரினா என்ற ஸ்லோவாக்கியப் பெண். பாரிஸின் ஓரத்து ஆடுகளம் ஒன்றில், நாலு வரிசை இருக்கைகளுக்கு நடுவே, முற்பகல் பதினொரு மணிக்கு ஆட்டம். வழக்கமாக முப்பது பேர் உட்காரும் இடத்தில் அன்று முந்நூறு பேர். எல்லாரும் ஒற்றைக் கண்ணைப் பார்க்க வந்தவர்கள். முதல் புள்ளியின் மூன்றாவது அடியிலேயே தாரினா பந்தை வானத்துக்குத் தூக்கினாள். பெரின் அண்ணாந்தாள். மட்டை காற்றை வெட்டியது. இரண்டாவது புள்ளியிலும் பந்து தூக்கலாகவே வந்தது, இந்த முறை இடது பக்கம். மூன்றாவதும் அதே.

கூட்டத்தில் ஒருவர், "இது அசிங்கம்!" என்று கத்தினார். யாரோ சீட்டி அடித்தார்கள். தாரினாவின் காதுகள் சிவந்தன. ஆனால் அவள் நிறுத்தவில்லை. முதல் செட் ஆறுக்கு ஒன்று என்று அவளுக்கே போனது.

பக்கம் மாறும்போது பெரின் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். ஓடி ஒளிந்துகொள்ள ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. அப்போதுதான் அவளுக்குள் ஒன்று உறைத்தது. அடுத்த பந்து எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும். எட்டு வருடத் தொழிலில் ஒரு நாளும், எந்த எதிராளியின் அடுத்த பந்தும் இவ்வளவு நிச்சயமாகத் தெரிந்ததில்லை. அது இடது பக்கம், உயரமாகத்தான் வரும். வேறு எங்கேயும் வராது.

இரண்டாவது செட்டில் அவள் அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிட்டாள். தாரினா மட்டையைச் சாய்த்தவுடன் முதுகைக் காட்டிப் பின்னால் ஓடினாள். பந்து தரையில் விழுந்து எழும் சத்தத்துக்குக் காத்திருந்தாள். சுற்றி வந்து வலது பக்கம் வைத்து அடித்தாள். எத்தனையோ வருடம் சோம்பேறித்தனம் என்று திட்டு வாங்கிய அதே ஓட்டம்தான். தூரமா பக்கமா என்று கேட்கவும் நேரமில்லை, ஓட வேண்டியிருந்தது. நான்கு கேம் தொடர்ச்சியாக அவளுக்கு வந்தன. தாரினா குழம்பினாள். நேராக அடிக்கலாமா, கற்றுக்கொடுத்தபடியே தூக்கலாமா என்று இரண்டுங்கெட்டானாக நின்றாள்.

"ஓடு, சோம்பேறிக் கழுதை, ஓடு!" என்று ரெஜிஸ் இருக்கையிலிருந்து எழுந்து நின்று அலறினார். முந்நூறு பேரும் திரும்பி அவரை முறைத்தார்கள். பெரின் சிரித்துவிட்டாள்.

ஒன்றுக்கு ஆறு, ஆறுக்கு நான்கு, ஏழுக்கு ஐந்து. பாரிஸில் அவளுடைய முதல் வெற்றி.

வலையருகே தாரினா தலை குனிந்து நின்றாள். "அப்படித்தான் ஆடணும்னு சொன்னாங்க" என்றாள்.

"நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்" என்றாள் பெரின். அது உண்மை.

அடுத்த சுற்றில் ஒரு குரோஷியப் பெண் வந்தாள். அவள் எந்தப் பத்திரிகையையும் படித்திருக்கவில்லை. தூக்கவும் இல்லை, இடது பக்கம் தேடவும் இல்லை. எல்லாப் பந்தையும் சுத்தியலால் அடிப்பது போல நேராக அடித்தாள். ஆறுக்கு இரண்டு, ஆறுக்கு இரண்டு. ஐம்பத்தெட்டு நிமிடத்தில் முடிந்தது. இரண்டு கண் உள்ளவளாக இருந்திருந்தாலும் பெரின் தோற்றிருப்பாள். வெளியே வரும்போது அவள் மனம் லேசாக இருந்தது.

கோடை முழுக்க ஆடினாள். சில ஆட்டம் ஜெயித்தாள். தரவரிசை இருநூற்று நாற்பதில் நின்றது. பத்திரிகைகள் வேறு கதைக்குப் போய்விட்டன.

செப்டம்பர் மாதம், தெற்கே ஒரு கடலோர ஊர். முதல் செட்டை ஜெயித்திருந்தாள். இரண்டாவதில் ஐந்துக்கு இரண்டு முன்னிலை. எதிராளியின் சர்வீஸ் ஒன்று கோட்டில் பட்டு எகிறியது. பெரின் தலையை விலக்கினாள். ஒரு கணம் தாமதம். பந்து பாதுகாப்புக் கண்ணாடியின் வலது ஓரத்தில் பட்டது. கண்ணாடி விரிசல் விட்ட 'டிக்' என்ற சிறிய சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. வலி இல்லை. ஒரு பொட்டு ரத்தம்கூட இல்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். விரிசல் கண்மணிக்கு நேராக ஓடியது. அதைப் பையில் வைத்தாள். மட்டைகளை வைத்தாள். நடுவரின் உயர நாற்காலியருகே போய் நின்றாள்.

"நான் நிறுத்திக்கிறேன்."

நடுவர் குனிந்தார். "காயமா? மருத்துவரைக் கூப்பிடட்டுமா?"

"காயம் இல்லை."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன். அதனாலதான்."

எதிரே நின்ற பெண் ஒன்றும் புரியாமல், தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தை ஜெயித்துவிட்ட திகைப்போடு, கைகுலுக்க ஓடிவந்தாள். ரெஜிஸ் ஓரத்தில் வாயைத் திறந்தபடி நின்றார். சூயிங்கம் நாக்கில் அப்படியே இருந்தது. பெரின் அவருடைய கன்னங்களில் முத்தமிட்டாள்.

"இன்னும் ஒரு கேம்தான் பாக்கி, பெரின்" என்றார் அவர். "ஒரே ஒரு கேம்."

"தெரியும். ஐந்துக்கு இரண்டுன்னு பலகையில தெளிவாத் தெரியுது. அது தெரிஞ்சுக்கிட்டே இருக்கணும் எனக்கு."

இரண்டு ரயில் மாறி மறுநாள் மதியம் ரெமிர்மோன் வந்து இறங்கினாள். வருவதாகச் செய்தி மட்டும் அனுப்பியிருந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. மேடையில் ஜோசியான் நின்றாள். பாரிஸ் ஆட்டத்துக்கு முந்தைய அந்தப் பேச்சுக்குப் பிறகு நான்கு மாதம் இருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அம்மா இளைத்திருந்தாள். மருத்துவமனையில் தெரியாமலே போன முகம் இப்போது சுருக்கம் சுருக்கமாகத் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டு பேரும் கன்னத்தில் முத்தமிட்டுக்கொள்ளவில்லை. ஜோசியான் மட்டைப் பையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். ஓரடி வைத்தாள். நின்றாள். மகளின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் எந்தப் பக்கம் நடக்கணும்?" என்று கேட்டாள்.

இருபத்தேழு வருடத்தில் அம்மா அதைக் கேட்டதே இல்லை. ரயில் கிளம்பிப் போயிற்று.

"வலது பக்கம் வா" என்றாள் பெரின். "இடது பக்கம் வந்தா நீ இருக்கிறதே தெரியாது."

ஜோசியான் பையோடு சுற்றி வலது பக்கம் வந்தாள். படிக்கட்டு இறங்கும்போது, மதியத்துக்குப் பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் வைத்திருப்பதாகவும், உப்பு ஒரு கல் கூடிவிட்டதாகவும் சொன்னாள்.